ஏழாம் கட்டத்து நட்சத்திரம்

நிரலுக்குள் மனிதர்கள் படிப்பதற்கென்றே எழுதிவைக்கும் வரிகளுக்குக் கமென்ட் என்று பெயர். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் அந்த வரிகளைத் தாண்டிப் போய்விடும். அதனால் அங்கே விழும் எழுத்துப்பிழை எந்தக் கணக்கையும் தப்பாக்காது, எந்தத் திரையையும் நிறுத்தாது. ஆனால் கால் நூற்றாண்டுக்கு முன் சென்னையில் நிரல் எழுதியவர்கள் வீட்டுப் பரணில் இன்றும் சிலசமயம் அகப்படும் தொடர்தாள் கட்டைப் பிரித்தால் வேறொரு காட்சி தெரியும். இரு ஓரமும் துளையிட்ட தாள், வெள்ளையும் வெளிர்பச்சையுமாக மாறிமாறி ஓடும் பட்டைகள், ரிப்பன் மையும் பழைய தாளும் கலந்த வாசனை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பென்சில் வட்டங்கள். அவற்றில் பாதிக்குமேல் விழுந்திருப்பது கமென்ட் வரிகளில்தான்.

அந்தத் தாள்களில் இருப்பது பெரும்பாலும் கோபால் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல். (பேரன் கோபால் என்ற யாரோ ஒருவர் செய்த தப்புகளைத் திருத்திச் சம்பளம் வாங்குகிறான் என்று நம்பிய பாட்டிமார் உண்டு.) ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த பழைய நிரல்கள் 1999 முடிந்ததும் தடுமாறும் என்ற பயத்தில், அமெரிக்க வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் அவற்றை இந்தியாவுக்குத் திருத்த அனுப்பிய காலம் அது. அந்த நிரலின் ஒவ்வொரு வரியும் பழைய துளை அட்டையின் அளவான 80 கட்டங்களுக்குள் அடங்கும். முதல் ஆறு கட்டம் வரிசை எண்ணுக்கு; எட்டிலிருந்து 72 வரை நிரலுக்கு. இடையில் தனியாக நிற்கும் ஏழாம் கட்டத்தில் நட்சத்திரக் குறி போட்டால் அந்த வரி முழுக்கக் கமென்ட் ஆகிவிடும். ஜாதகத்தில் ஏழாம் இடம் கல்யாணத்துக்கு உரியது. வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்த வயதில் வேலைக்குச் சேர்ந்த பையன்கள், 'உன் ஏழாம் கட்டத்துல என்ன நட்சத்திரம்டா' என்று கேட்டுச் சிரித்துக்கொள்வார்கள்.

புதிதாக வந்தவர் கையில் வட்டி கணக்கிடும் வரிகளைக் கொடுக்க யாருக்கும் தைரியம் கிடையாது. சேர்ந்த முதல் வாரங்களில் அவர்களுக்குக் கிடைத்த வேலை, அச்சடித்த நிரலை முதலிலிருந்து கடைசிவரை படித்துக் கமென்ட்டில் இருக்கும் பிழைகளைக் குறிப்பது. சும்மா படி என்றால் பையன் தூங்கிவிடுவான். பிழை தேடு என்றால் எழுத்தெழுத்தாகப் படிப்பான், படிக்கிற சாக்கில் நிரலும் மண்டையில் ஏறும். ஒரு குழுவில் இதைக் கண்டிப்பாக நடத்திய மூத்தவர் ஒருவர் இருந்தார். அவருடைய அப்பா மதுரையில் அச்சகம் ஒன்றில் புரூப் பார்த்தவர். நீக்கு, இடம் விடு, முன்பின் மாற்று என்று அச்சுக்கோப்பவர்களுக்கு மட்டுமே புரியும் ஓரக்குறிகளை மகனும் கோபால் தாளின் ஓரத்தில் போட்டார். பையன்கள் ஒரு வாரம் விழித்துவிட்டு, அப்புறம் தாங்களும் அதே குறிகளைப் போடப் பழகிக்கொண்டார்கள். ஒற்று மிகுந்ததா மிகாததா என்று வாழ்நாளெல்லாம் பார்த்த ஒரு கண், ஒரு தலைமுறை தள்ளி ஆங்கிலத்தில் இரண்டு ஆர் வருமா ஒரு ஆர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

அவருடைய கண்டிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ஒரு கோப்பின் தலையில், குறிப்பிட்ட ஒரு புலம் 'இப்போது பயன்படுகிறது' என்று கமென்ட் சொன்னது. எழுதியவர் சொல்ல நினைத்தது 'பயன்படவில்லை'. ஆங்கிலத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே எழுத்துத்தான்: மூன்றெழுத்துச் சொல்லின் கடைசியில் டி இருந்தால் இல்லை, டபிள்யூ இருந்தால் இப்போது. கமென்ட்டை நம்பிய ஒருவர் அந்தப் புலத்தில் புதிய தேதியைக் கொண்டுபோய் வைத்தார். சோதனை ஓட்டத்தில் தேதி எங்கேயும் போய்ச் சேரவில்லை. எதிர்ப்பக்கம் அமெரிக்காவில் பகல் என்பதால் இங்கே இரவெல்லாம் தேடல். விடியற்காலையில், கமென்ட்டைப் பார்க்காமல் நிரலை மட்டும் படித்த ஒருவர்தான் கண்டுபிடித்தார். 'கம்ப்யூட்டர் கமென்ட்ட படிக்காது தம்பி, நாமதான் படிப்போம்' என்று மூத்தவர் அதற்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

பிழைகளுக்கும் ஒரு வழக்கம் உண்டு. ஐபிஎம்மில் பணியாற்றிய ஃப்ரெட் டாமராவ் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துப்பிழைகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு நான்கே வகைக்குள் அடங்கிவிடுகின்றன என்று காட்டினார்: ஓர் எழுத்து கூடுதல், ஓர் எழுத்து குறைவு, ஓர் எழுத்துக்குப் பதில் இன்னொன்று, பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் இடம் மாறுதல். சிவப்பு வட்டங்களுக்குள் இருந்தவையும் இவைதான். 'ரிசீவ்' என்ற சொல்லில் சி-க்கு அடுத்து ஈ வந்து பிறகு ஐ வர வேண்டும்; ஐ முந்திக்கொள்ளும். 'செபரேட்' நடுவில் ஏ உட்கார வேண்டிய இடத்தில் ஈ உட்காரும். 'அக்கர்டு' இரண்டு ஆர் கேட்கும், ஒன்றுதான் கிடைக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதில் தனியாக ஒன்றும் சறுக்கிவிடவில்லை. திருத்த வந்த நிரலை எழுதிய அமெரிக்கர்களும் இதே சொற்களில்தான் விழுந்திருந்தார்கள். இங்கே பள்ளியில் கற்றது பிரிட்டிஷ் எழுத்து முறை என்பது மட்டும் ஒரு வம்பு. 'கலர்' என்ற சொல்லில் யூ போட்டு எழுதினால், அங்கிருந்து 'தவறு' என்று திரும்பி வரும். அரைப் பரீட்சையில் யூ விட்டதற்கு மார்க் குறைத்த ஆங்கில வாத்தியாரை நினைத்துக்கொண்டே யூவை எடுத்தவர்கள் பலர்.

எழுத்தைச் சரிபார்க்கும் வேலையைக் கணினியிடம் விடும் முயற்சி அதற்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் 1975-இல் யூனிக்ஸுக்கான 'ஸ்பெல்' நிரலின் முதல் வடிவத்தை ஒரே பிற்பகலில் எழுதினார். ஆவணத்திலுள்ள சொற்களைப் பிரித்து, அகரவரிசைப்படுத்தி, அகராதியில் இல்லாதவற்றைத் துப்பும், அவ்வளவுதான். அதைச் செம்மைப்படுத்திய டக் மெக்கில்ராய்க்கு இருந்த நெருக்கடி வேறு. அப்போதைய பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகம் 64 கிலோபைட். அதற்குள் சுமார் 30,000 சொற்களை அடைக்க, முன்னொட்டையும் பின்னொட்டையும் கழற்றி, மிச்சத்தைச் சொற்களாக வைக்காமல் எண்களாகச் சுருக்கி வைத்தார்.

ஆனால் இந்தக் கருவியை நிரல் கோப்பின்மேல் ஏவினால் பயனில்லை. நிரலில் பாதி, அகராதிக்கே தெரியாத சொற்கள். மாறிகளின் பெயர்கள், சுருக்கங்கள், உயிரெழுத்தை விழுங்கிவிட்டு எழுதிய துண்டுகள் எல்லாமே அதற்குப் பிழையாகத் தெரியும். நூறு பொய் எச்சரிக்கைக்கு நடுவில் உண்மையான பிழை ஒளிந்துகொள்ளும். இதற்கு இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, எது கமென்ட் என்று அறிந்து அங்கே மட்டும் பார்ப்பது. ஈமேக்ஸ் தொகுப்பானில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. 2006-இல் வந்த விம் ஏழாம் பதிப்பும் நிரலில் கமென்ட் பகுதியைப் பிரித்தறிந்து அங்கே பிழைக்குக் கோடிட்டது. இன்னொரு வழி அகராதியையே தலைகீழாக்குவது. சரியான சொற்களின் பட்டியலை வைத்துக்கொள்ளாமல், மனிதர்கள் வழக்கமாகத் தப்பாக எழுதும் சொற்களின் பட்டியலை மட்டும் வைத்துக்கொள்வது. பட்டியலில் உள்ள தப்பு அகப்பட்டால் சொல்லும். இல்லாவிட்டால் வாயே திறக்காது. லூகாஸ் டி மார்க்கி உருவாக்கிய 'கோட்ஸ்பெல்' இந்த வழியில் வந்தது. விக்கிப்பீடியர்கள் தொகுத்து வைத்திருந்த பொதுப் பிழைப் பட்டியல்தான் அதற்கு முதலீடு.

எந்தப் பட்டியலுக்கும் அகப்படாத பிழைகளும் உண்டு. 'ஃப்ரம்' எழுதப்போய் 'ஃபார்ம்' ஆவது அப்படி. இரண்டும் நல்ல சொற்கள். இரவெல்லாம் விழிக்கவைத்த அந்தக் கடைசி எழுத்தும் இந்த வகைதான். வரி முடிவில் ஒரு 'தி', அடுத்த வரித் தொடக்கத்தில் இன்னொரு 'தி' என்று இரட்டிப்பதும் அப்படி. சொல் சரி, இருப்புத்தான் தப்பு. இதைக் கண் தவறவிடுவதில் வியப்பில்லை. புரூப் பார்ப்பவர்கள் கடைசி வார்த்தையிலிருந்து பின்னோக்கிப் படிப்பது இதற்காகத்தான். மதுரை அச்சகத்து மகனும் தாளைக் கீழிருந்து மேலாகப் படித்தார்.

ஒருமுறை ஒரு பெரிய நிரல் தொகுப்பின்மேல், கமென்ட்டை மட்டும் அகராதியோடு ஒப்பிடும் கருவி ஒன்று ஓடியபோது விளங்காத இரண்டு சொற்களில் வந்து நின்றது. வெளிநாட்டு வாடிக்கையாளர், இது எந்தத் தொழில்நுட்பச் சொல் என்று கேட்டு எழுதினார். ஆங்கில எழுத்தில் யாரோ எழுதிவைத்த தமிழ் அது: 'இதைத் தொடாதே'. ஒருங்குறி பரவாத காலத்தில் கமென்ட்டில் தமிழ் எழுத வேறு வழியில்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தச் சொற்களுக்குச் சரியான எழுத்து முறை எது என்று யாரால் சொல்ல முடியும்? 'தொடாதே'யின் நடுவில் ஹெச் சேர்க்கலாமா கூடாதா, ஏ ஒன்றா இரண்டா? அரை மணி நேரம் பேசிவிட்டு அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் போட்டார்கள். ஏன் தொடக்கூடாது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. யாரும் தொடவும் இல்லை.

எழுத்துப்பிழைத் திருத்தம் பெரிய அளவில் நடந்த இடம், லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல். 2011-இல் டி மார்க்கி, கோட்ஸ்பெல் கண்டெடுத்த பிழைகளை மனிதக் கண்ணாலும் சரிபார்த்து ஒரே திருத்தமாக அனுப்பினார். அது 2,000-க்கும் மேற்பட்ட கோப்புகளையும் 4,000-க்கும் மேற்பட்ட வரிகளையும் தொட்டது. பெரும்பாலான வரிகளில் மாறியது ஓரிரு எழுத்துகள்தான். மூன்று ஆண்டுகள் கழித்து கீஸ் குக், டெபியனில் பொட்டலங்களைச் சோதிக்கும் லின்டியன் கருவியின் பட்டியலை அடியாக வைத்து, கெர்னலுக்கே சொந்தமான பிழைப் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார். இடப்பக்கம் தப்பு, நடுவில் இரண்டு செங்குத்துக் கோடு, வலப்பக்கம் சரி. திருத்தம் அனுப்புவதற்கு முன் ஓட்டிப் பார்க்கும் 'செக்பேட்ச்' நிரல் அந்தப் பட்டியலைப் படித்து எச்சரிக்கும். அந்தக் கோப்பைச் சும்மா புரட்டுவதே ஒரு சுகம். ஆங்கிலம் எழுதும் உலகம் எங்கெங்கே தடுக்கி விழுகிறது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி கிடைக்காது.

இப்படிப்பட்ட சின்னத் திருத்தங்களுக்கென்று கெர்னலில் தனி முகவரியே இருந்தது. அதைக் கவனித்துக்கொள்பவருக்கு அவர்களே வைத்துக்கொண்ட பட்டப்பெயர் தமிழில் சொன்னால் 'அற்பத் திருத்தக் குரங்கு' என்று வரும். முதல் திருத்தம் அனுப்பப் பயப்படும் மாணவனுக்கு அந்த வாசல்தான் நுழைவாக இருந்தது. தாளில் சிவப்பு வட்டம் போட்ட பையனுக்கும் இவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவனுக்கு மேசைக்கு எதிரே மூத்தவர், இன்னொருவனுக்குக் கண்டம் கடந்து முகம் தெரியாத பராமரிப்பாளர். இரண்டு பேருக்கும் கற்றுத்தந்த முறையும் ஒன்றே: கமென்ட்டை மட்டும் தொட்டால், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார். ஒன்றும் மாறியிருக்கக் கூடாது. சி மொழியில் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கமென்ட்டில் ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் கீழே உள்ள நிரலின் வரி எண்கள் நகரும்; வரி எண்ணைத் தனக்குள் பதிந்துகொள்ளும் பிழை அறிவிப்புகளும் அதோடு மாறும். எழுத்தை மாற்று, வரியைக் கூட்டாதே குறைக்காதே.

எதிர்ப்பும் இருந்தது, நியாயமாகவே. நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில், ஒரு வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று காட்டும் 'கிட் ப்ளேம்', ஒரு எழுத்தைத் திருத்தியவரையே அந்த வரிக்குச் சொந்தக்காரராகக் காட்டும். உண்மையில் எழுதியவரைத் தேட ஓர் அடுக்கு கீழே போக வேண்டும். ஆயிரம் கோப்புகளில் ஒரே நேரத்தில் கைவைத்தால் மற்றவர்கள் பாதியில் வைத்திருக்கும் வேலையோடு மோதும். இதற்காகவே 2019-இல் வந்த கிட் 2.23 பதிப்பில், குறிப்பிட்ட சில திருத்தங்களைக் கணக்கில் எடுக்காமல் வரிக்குரியவரைக் காட்டும் வசதி சேர்ந்தது. 2020 அக்டோபரில் நடந்தது வேறு மாதிரி. ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற ஆண்டு நிகழ்வில் அப்போது நான்கு திருத்தம் அனுப்பினால் டி-சர்ட் கிடைத்தது. ஒரு சொல்லைச் சேர்ப்பதும் ஒரு அடைமொழியைச் செருகுவதுமாக வந்து குவிந்த திருத்தங்களில் பராமரிப்பாளர்கள் மூழ்கினார்கள். மாதம் பிறந்து சில நாளிலேயே, விரும்பிப் பெயர் கொடுத்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. பிழையைத் திருத்துவது வேறு, திருத்துவதற்குப் பிழை தேடி அலைவது வேறு. முன்னதைச் செய்கிறவர் அந்தக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தவர்.

எதிர்த்திசையில் கணினியியல் அறிஞர் டொனால்டு க்னூத் இருக்கிறார். அவருடைய நூல்களில் பிழை கண்டுபிடித்தவருக்கு, அச்சுப்பிழையானாலும், 2 டாலர் 56 சென்ட். அதாவது பதினாறடிமான முறையில் ஒரு டாலர். காசோலையைப் பெற்ற பலர் அதை வங்கியில் போடாமல் சட்டமிட்டு மாட்டிவைத்தார்கள்.

கம்பைலர் கமென்ட்டைப் பார்க்காது என்று முதலில் சொன்னது முழு உண்மையும் அல்ல. சி மொழியின் 'சுவிட்ச்' கட்டளையில் ஒரு கிளை முடிந்து நிற்காமல் அடுத்த கிளைக்குள் வழிந்தால், அது மறதியா வேண்டுமென்றே செய்ததா என்று தெரியாது. பழைய 'லின்ட்' கருவியின் காலத்திலிருந்தே, வேண்டுமென்றுதான் என்பதைக் கமென்ட்டில் எழுதித் தெரிவிப்பது வழக்கம். 2017-இல் வந்த ஜிசிசி கம்பைலரின் ஏழாம் பதிப்பு அந்தக் கமென்ட்டைத் தானே படித்து எச்சரிக்கையை அடக்கத் தொடங்கியது. 'ஃபால் த்ரூ' என்பதை முழுதாக எழுதினாலும் ஏற்கும், கடைசிச் சொல்லைக் கொச்சையாகச் சுருக்கி எழுதினாலும் ஏற்கும். ஆனால் 'ஃபால்' என்பதில் ஒரு எல் விட்டுப்போனால் எச்சரிக்கை வந்து நிற்கும். கமென்ட்டில் விட்ட ஒரு எல்லுக்குக் கணினியே வட்டம் போட்டுக் காட்டிய அபூர்வ இடம்.

கமென்ட்டில் இருக்கும்வரை பிழையைத் திருத்தலாம். அங்கிருந்து வெளியேறிப் பெயராகிவிட்டால் முடியாது. யூனிக்ஸில் கோப்பை உருவாக்கும் கட்டளை 'கிரியேட்'. அதன் கடைசி ஈ ஆரம்பத்திலேயே விடுபட்டது. மறுபடி யூனிக்ஸை எழுதினால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டதற்குக் கென் தாம்சன், அந்த ஈயைச் சேர்ப்பேன் என்றார். பின்னால் பெல் ஆய்வகத்தில் உருவான பிளான் 9 அமைப்பில் ஈ சேர்ந்தது. யூனிக்ஸில் இன்றைக்கும் இல்லை. இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எங்கிருந்து வந்தோம் என்று சொல்லும் தலைப்பு 'ரெஃபரர்'. 1996-இல் வெளியான ஹெச்டிடிபி ஆவணத்தில் அது ஒரு ஆர் குறைந்த நிலையிலேயே போய்விட்டது. அந்த ஆவணத்தை எழுதியவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங் பின்னர் சொன்னபடி, அந்நாளைய யூனிக்ஸ் ஸ்பெல் கருவிக்குச் சரியான வடிவமும் தெரியாது, தப்பான வடிவமும் தெரியாது. இரண்டையும் பிழை என்றுதான் சொல்லும். அதற்குள் உலகமெங்கும் சர்வர்கள் தப்பான எழுத்தைப் படிக்கப் பழகிவிட்டன. பிறகு வந்த 'ரெஃபரர் பாலிசி' சரியான எழுத்தில் வந்தது. இன்று இரண்டும் ஒரே இணையத்தில், ஒன்று நடுவில் இரண்டு ஆரோடும் மற்றது ஒரே ஆரோடும் பயணம் செய்கின்றன. அந்த வேறுபாட்டை மறந்து மணிக்கணக்கில் தேடியவர்களின் எண்ணிக்கையைக் கணக்கிட முடியாது.

கெர்னலின் பழைய விதிகளில், அற்பத் திருத்தங்கள் எவை என்று சொல்லும் இடத்தில் எழுத்துப்பிழைக்கு இரண்டு இடம் கொடுத்திருந்தார்கள்: ஆவணங்களில் உள்ள பிழை, அடுத்தது 'கிரெப்' தேடலைக் கெடுக்கும் பிழை. சொல் தப்பாக இருந்தால் தேடுகிறவருக்கு அந்த வரி அகப்படாது என்பது கருத்து. சரியாக எழுதினாலும் அகப்படாமல் போகலாம் என்பதைச் சென்னைக் குழுவில் ஒரு பையன் நிரூபித்தான். லீப் ஆண்டு வட்டியைக் கணக்கிடும் பகுதிக்கு மேலே 'கால்குலேஷன்' என்ற சொல் நடுவில் ஒரு யூ இல்லாமல் கிடந்தது. சரியான எழுத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான இடம் வரும். யூ இல்லாமல் தேடினால் ஒரே இடம். எத்தனையோ வருடமாகக் குழுவில் எல்லோரும் நேரே அங்கே போக அப்படித்தான் தேடினார்கள். மூத்தவர் அதற்கு மட்டும் வட்டம் போட்டதில்லை. நிரல் முழுக்கக் கிட்டுக்கு மாறிய பிறகு, அவரும் பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த நாளில், புதிதாகச் சேர்ந்த பையன் கருவியை ஓட்டி அந்த யூவைப் போட்டுவிட்டான். அடுத்த மாதக் கடைசியில் ஓர் இரவு ஏதோ தகராறு. மூத்தவர் பழக்கதோஷத்தில் தப்பாகத் தட்டினார். எதுவும் இல்லை என்றது திரை. மறுபடி தட்டினார். பிறகு பையனைக் கூப்பிட்டார்.

'யூவ நீயா போட்டே?'

'ஆமா சார், ஸ்பெல்லிங் மிஸ்டேக் சார்.'

திட்டு விழவில்லை. யூ அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அதற்குக் கீழே ஏழாம் கட்டத்தில் இன்னொரு நட்சத்திரம் போட்டு, யூ இல்லாத பழைய சொல்லைத் தனி வரியாக எழுதச் சொன்னார். கருவி அதைப் பிடித்து எச்சரித்தது. பையன் அந்த ஒரு சொல்லை விலக்குப் பட்டியலில் சேர்த்தான்.